வெள்ளத்தில் நனைந்த டிஎஸ்9 பெடல்: வெயிலில் பாடுகிறது, மழையில் ஊமையாகிறது

விருதம்பட்டு ஸ்ட்ரிங்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பழைய இபானெஸ் டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர் கையில் இருக்கிறது, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து சத்தத்தை உடைத்துத் தடிப்பாக்கும் கால் பெடல். என் தாய்மாமா மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த காலத்தில் வாங்கியது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. பெடல் கீழ்வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அப்போது அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் காப்பாற்றத்தான் எல்லோருக்கும் நேரம் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததே இப்போதுதான்.

மாமாவுக்கு இப்போது விரல் முன்போல் ஓடுவதில்லை. ஆனாலும் இந்தப் பெடல் மறுபடி பாட வேண்டும் என்று அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை.

நிலைமை இதுதான். கீழ்த்தகட்டின் நாலு ஸ்க்ரூவும் துரு. உள்ளே மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. பேட்டரி ஒழுகி கிளிப் முழுக்கப் பச்சைக் களிம்பு. அடாப்டர் கொடுத்தால் எல்இடி எரிகிறது. மதியம் நல்ல வெயிலில் ஓரளவு சத்தம் வருகிறது, டிரைவும், அதாவது அந்த உடைந்த சத்தமும் கேட்கிறது. சாயங்காலம் மழை இறங்கினால் சத்தம் கம்மிப்போய், கரகரவென்று இழுத்து, கடைசியில் ஒன்றுமே இல்லை. எஃபெக்டை ஆஃப் செய்தாலும் அதே கதிதான். வேலூரில் காட்டிய ஒரு இடத்தில் போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

திருவண்ணாமலை டோன்

ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. கீழ்த்தகட்டைக் கழற்றிவிட்டு, அரிசி டிரம்மில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு புதைத்து வையுங்கள். செல்போன் தண்ணீரில் விழுந்தால் அப்படித்தானே செய்கிறோம். இல்லையென்றால் மொட்டை மாடியில் வெயில் காட்டுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்.

ஆம்பூர் பேஸ்

சர்ச்சில் பேஸ் வாசிக்கிறேன், எங்கள் குழுவின் பெடல்களைப் பெரும்பாலும் நானே பார்த்துக்கொள்வேன். அது 1982ல் வந்த மாடல் பிரதர். நாற்பது வருஷக் கண்டென்சர் நனையாமல் இருந்தாலே சந்தேகம்தான். எலக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஐசியையும் டிரான்சிஸ்டரையும் மாற்றுங்கள். எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக மாற்றுவது மேல்.

குடியாத்தம் ரேடியோ

தம்பி, யார் சொன்னாலும் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் என்று வாழ்க்கை முழுக்க இதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் முக்கியம்: வெயிலில் ஓடுகிறது, மழையில் நிற்கிறது. செத்துப்போன பார்ட் வானிலை பார்த்துச் சாகாது.

இரண்டாவது விஷயம், ஆஃப் செய்தாலும் சத்தம் கம்மியாகிறது என்றீர்கள். இந்தப் பெடலில் ஆஃப் என்றால் கிட்டார் நேராக ஆம்புக்குப் போவதில்லை. உள்ளே வந்ததும் ஒரு சி1815 டிரான்சிஸ்டர் பஃபர், அதாவது சிக்னலைப் பலம் குறையாமல் கடத்திவிடும் பகுதி. அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று 4558 ஐசி வழியாக டிரைவ், டோன், லெவல். மற்றது சும்மா வரும் பாதை. இரண்டையும் கே30ஏ எஃப்இடிகள் என்ற, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும். கடைசியில் இன்னொரு சி1815 பஃபர் வழியாகத்தான் எல்லாம் வெளியே போகும். இரண்டு நிலையிலும் சத்தம் விழுகிறது என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது முன் பஃபரிலோ பின் பஃபரிலோ ஜாக்கிலோ. ஐசி மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

மல்டிமீட்டர் இருக்கிறதா? அடாப்டர் கொடுத்து, கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து இவற்றைப் பாருங்கள். 4558ல் 8ஆம் காலில் 9 வோல்ட்டுக்குப் பக்கம் வர வேண்டும், 4ஆம் கால் பூஜ்யம், 1ம் 7ம் நாலரைக்குப் பக்கம். அப்புறம் முன் பஃபர் சி1815ன் எமிட்டர் கால், சிக்னல் வெளியே வரும் கால். அங்கே நல்ல நிலையில் மூன்று வோல்ட்டைச் சுற்றி இருக்கும். மதியம் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை எடுத்து எழுதுங்கள்.

ஸ்க்ரூ துரு என்றீர்கள். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வைத்து, சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். தலை மழுங்கிவிட்டால் பிறகு பெரிய வேலை. அந்த எண்ணெய் போர்டில் படக்கூடாது.

விருதம்பட்டு ஸ்ட்ரிங்ஸ்

ஐயா, அளந்துவிட்டேன். ஐசியில் 8ஆம் கால் 9.1, 4 பூஜ்யம், 1ம் 7ம் 4.5. இவை மதியமும் மழையிலும் மாறவே இல்லை. முன் பஃபர் எமிட்டர் மட்டும் மதியம் 2.9, நேற்று சாயங்காலம் மழையில் 1.4. பின் பஃபரும் கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் இவ்வளவு இல்லை.

குடியாத்தம் ரேடியோ

பிடித்துவிட்டோம்.

அந்த நாலரை வோல்ட் எங்கிருந்து வருகிறது? இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 9 வோல்ட்டைப் பாதியாகப் பிரிக்கின்றன, பக்கத்தில் ஒரு 47 மைக்ரோஃபாராட் கண்டென்சர் அதை நிலையாகப் பிடிக்கிறது. 10 கிலோ ஓம் என்பது சின்ன மதிப்பு. பக்கத்தில் கொஞ்சம் ஈரக் கசிவு இருந்தாலும் அசையாது. ஆனால் பஃபர் டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு, சிக்னல் உள்ளே போகும் காலுக்கு, அந்த நாலரை போவது 510 கிலோ ஓம் வழியாக. அந்தப் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போர்டின் மேல் ஒரு கசிவு உண்டாகி, அதுவும் ஏறத்தாழ அதே அரை மெகா ஓம் அளவில் இருந்தால் பேஸுக்குக் கிடைப்பது பாதிதான். கணக்குப் போட்டால் எமிட்டர் ஒன்றரைக்குச் சற்றுக் கீழே வரும். நீங்கள் அளந்த 1.4 அதுதான்.

டயகிராமில் இல்லாத ஒரு ரெசிஸ்டர் உங்கள் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. அது உப்பு. தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது, அதில் கரைந்திருந்தது காயவில்லை. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிற மாதிரி, காற்றில் ஈரம் ஏறியதும் அது இளகி மின்சாரத்துக்கு வழி விடுகிறது. வெயில் வந்தால் மறுபடி காய்ந்து ஒதுங்கிக்கொள்கிறது. அரிசி டிரம்மில் எத்தனை மாதம் வைத்தாலும் அரிசி ஈரத்தை உறிஞ்சலாம், உப்பை உறிஞ்சாது. சிலிக்கா ஜெல்லும் அப்படியே. ஆம்பூர் தம்பி சொன்னபடி பார்ட்டையெல்லாம் மாற்றினாலும் அதே உப்பின் மேல்தான் புதுப் பார்ட் உட்காரும்.

ஆகவே போர்டைக் கழுவ வேண்டும். தண்ணீரில்தான்.

திருவண்ணாமலை டோன்

தண்ணீரில் கெட்டதை மறுபடி தண்ணீரில் போடுவதா? பயமாக இருக்கிறது ஐயா.

ராணிப்பேட்டை லேப்

நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை, என் தம்பி வாசிப்பதால் இங்கே எட்டிப் பார்ப்பேன். வேலை தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். குடியாத்தம் ஐயா சொல்வது முழுக்கச் சரி. மின்சாரம் ஓடாதபோது சுத்தமான தண்ணீர் இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கரைந்திருப்பதுதான் எதிரி, அதன் மேல் கரண்ட் கொடுப்பது அதைவிடப் பெரிய எதிரி. ஈரமும் உப்பும் வோல்டேஜும் சேர்ந்தால் செம்பு கரைந்து போர்டில் ஒரு ட்ராக்கிலிருந்து, அதாவது ஒரு செம்புக் கோட்டிலிருந்து, இன்னொன்றுக்கு நகரும். அதனால் இப்போது அளந்தது போதும் தம்பி, கழுவும் வரை அடாப்டரைச் சொருக வேண்டாம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதில் நம் பகுதிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீர் பல இடங்களில் எவ்வளவு உப்பு என்று கெட்டிலைப் பார்த்தாலே தெரியும். தோலைப் பதப்படுத்த மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிற தொழில் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில்தான் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது தனியாகப் பேச வேண்டிய பெரிய வேதனை. வெள்ள நீர் பெரும்பாலும் மழை நீர்தான் என்றாலும் தெருச் சாக்கடையையும் மண்ணில் தேங்கிய உப்பையும் கரைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது.

குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. குடிக்க ஏற்ற அந்த 500 கூட உங்கள் 510 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு ஏற்றதில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கேன் மலிவாகவே கிடைக்கும்.

முறையும் சொல்கிறேன். ஆர்ஓ மெக்கானிக் வைத்திருக்கும் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி மீட்டரைப் பாருங்கள், ஒற்றை இலக்கத்தில் இருக்கும். போர்டை அதில் போட்டு மெதுவாக அலசிவிட்டு மறுபடி பாருங்கள், எண் ஏறியிருக்கும். ஏறிய அளவு போர்டிலிருந்து வெளியே வந்த உப்பு. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். இப்படியே, அலசிய பிறகும் எண் ஏறாமல் நிற்கும் வரை செய்யுங்கள். எப்போது நிறுத்துவது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

ஆம்பூர் பேஸ்

இது நான் யோசிக்காத விஷயம் அக்கா, நன்றி. டிடிஎஸ் மீட்டர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பேட்டரி ஒழுகிய இடத்துக்கு வினிகர் போடலாம்தானே?

ராணிப்பேட்டை லேப்

பேட்டரியைப் பொறுத்தது. ஆல்கலைன் என்றால் ஒழுகுவது காரம், வினிகர் சரி. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் ஜிங்க் கார்பன். அதிலிருந்து ஒழுகுவது அமிலத் தன்மை உள்ளது, அதற்கு வினிகர் கூடாது. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டுத் துடைக்க வேண்டும். எது போட்டாலும் அதுவும் உப்பாக மாறி அங்கேயே தங்கும், அதனால் இதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் அலசுங்கள்.

குடியாத்தம் ரேடியோ

அம்மா சொன்னதற்கு மேல் சில வார்த்தைகள்.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி. வண்டலை முதலில் காய்ந்த நிலையிலேயே மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். அலசும்போது மிருதுவான பழைய டூத் பிரஷ், ஐசி கால்களுக்கு நடுவிலும் டிரான்சிஸ்டருக்கு அடியிலும் போக வேண்டும். உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கும் எழுத்தும் கரைந்துவிடும். டபிள்யூடி-40 தெளிக்கச் சொல்லி யாராவது வருவார்கள், வேண்டாம். எண்ணெய்ப் படலம் நின்று தூசியைப் பிடிக்கும்.

கடைசி அலசலுக்கு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), 99 சதவீதம். செல்போன் சர்வீஸுக்கு ஸ்பேர்ஸ் விற்கும் கடைகளில் பாட்டில் கிடைக்கும். அது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஜாக், வால்யூம் கண்ட்ரோல் உள்ளேயும் ஊற்றி வடியவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளிச் செய்ய வேண்டும், சுலபமாகத் தீப்பிடிக்கும். அப்புறம் நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும். மொட்டை மாடித் தரையில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

காய்ந்த பிறகு லென்ஸ் வைத்து ட்ராக்கைப் பாருங்கள். பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தைச் சுரண்டினால் அடியில் செம்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இருந்தால் ஃப்ளக்ஸ் தடவி மெல்லிசாக ஈயம் பூசுங்கள். இல்லையென்றால் வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் காலை இரண்டு முனைக்கும் பாலமாக வையுங்கள். ஒற்றைப் பக்கப் போர்டு, பழையது. அயர்னை ஒரே இடத்தில் ரொம்ப நேரம் அழுத்தினால் ஈயம் வைக்கும் செம்பு வட்டம் (பேட்) தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

விருதம்பட்டு ஸ்ட்ரிங்ஸ்

எல்லாம் சொன்னபடியே செய்தேன். டிஸ்டில்டு வாட்டர் முதலில் 3 காட்டியது. முதல் அலசலில் 410. பார்த்ததும் எனக்கே உதறல். அடுத்தடுத்து இறங்கி, கடைசியில் 3 என்று போட்ட தண்ணீர் 4லேயே நின்றது. ஒழுகிய பேட்டரி ஜிங்க் கார்பன்தான், ஆப்பசோடா போட்டதும் நுரைத்தது. ராணிப்பேட்டை அக்காவுக்குப் பெரிய நன்றி.

இப்போது எமிட்டர் 3.2. நேற்று ராத்திரி முழுக்க மழை. ஜன்னல் ஓரத்திலேயே வைத்து மறுபடி அளந்தேன், அதே 3.2. சத்தம் நிலையாக வருகிறது, கரகரப்பு இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் மூன்று பிரச்சினை. காலால் அழுத்தினால் எஃபெக்ட் சில சமயம்தான் மாறுகிறது. டிரைவ் கண்ட்ரோலைத் திருப்பினால் ஒரு இடத்தில் சத்தம் அறுந்து வருகிறது. பேட்டரி கிளிப் வயரை உரித்தால் உள்ளே செம்பே கருப்பாக இருக்கிறது, ஈயம் ஒட்டவில்லை.

குடியாத்தம் ரேடியோ

ரொம்ப சந்தோஷம் தம்பி. மற்றதெல்லாம் சின்ன வேலை.

கால் சுவிட்சுக்கு இரண்டு வயர் போகும். பெடல் ஆனில் இருக்கும்போது அந்த இரண்டையும் ஒரு கம்பியால் சட்டென்று தொட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் எல்இடி மாறினால் உள்ளே ஆன், ஆஃப் மாற்றிவிடும் ஃப்ளிப் ஃப்ளாப் சர்க்யூட் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் துரு. அழுத்தும்போது மட்டும் சேரும் புஷ் சுவிட்ச் அது. அழுத்தினால் நின்றுகொள்ளும் வகையை வாங்கிவிடாதீர்கள், ஒன்று விட்டு ஒன்றுதான் வேலை செய்யும்.

டிரைவ் கண்ட்ரோலுக்கு கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து முனைக்கு முனை பலமுறை திருப்புங்கள். அப்படியும் அறுந்தால் கார்பன் தடம் போய்விட்டது, மாற்ற வேண்டும். 500 கிலோ ஓம். பேட்டரி கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள், கருத்த வயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒழுகியது இன்சுலேஷனுக்குள்ளே ஏறி நெடுந்தூரம் தின்றிருக்கும்.

ஆம்பூர் பேஸ்

ஐயா சொன்னபடி முதலில் கழுவியது சரியான முடிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 100 மைக்ரோஃபாராட், 47 மைக்ரோஃபாராட் இரண்டையும் இப்போது மாற்றுவதில் தப்பில்லையே? எப்படியும் அயர்ன் சூடாக இருக்கிறது. வயதான எலக்ட்ரோலிட்டிக்கின் ரப்பர் அடிப்பக்கம் தளர்ந்திருந்தால் வெள்ளம் அதற்குள்ளும் போயிருக்கும்.

குடியாத்தம் ரேடியோ

அந்த இரண்டுக்கும் நான் சம்மதிக்கிறேன். சப்ளையில் இருப்பவை, சத்தத்தின் குணத்தை மாற்றாது, போனால் ஹம் என்ற இரைச்சல் வரும். மற்றதைத் தொட வேண்டாம். டோன் பகுதியில் இருக்கும் இரண்டு 0.22 மைக்ரோஃபாராட் டேன்டலம் கண்டென்சரும் ஷார்ட் இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். மாமா கேட்டுப் பழகிய சத்தம் அந்தப் பார்ட்டுகளோடு சேர்ந்ததுதான்.

விருதம்பட்டு ஸ்ட்ரிங்ஸ்

வயரைத் தொட்டால் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. சுவிட்ச் இங்கே கிடைக்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் சுவிட்ச், கிளிப், இரண்டு கண்டென்சர் எல்லாம் வாங்கிப் போட்டேன். டிரைவ் கண்ட்ரோல் கிளீனரிலேயே சரியாகிவிட்டது. மாமா அவருடைய பழைய ஸ்ட்ராட் கிட்டாரை எடுத்து வாசித்தார். டிரைவ் குமிழ் கடிகாரத்தில் ஒன்பது மணி முள் நிற்கும் இடத்தில், லெவலை நன்றாக ஏற்றி. அப்படித்தான் அந்தக் காலத்தில் கச்சேரியில் வைப்பாராம்.

பெடல் வாங்குகிறவர்கள் அடாப்டரைக் கவனியுங்கள். வீட்டில் கிடந்த ஒரு கீபோர்டு அடாப்டரும் 9 வோல்ட்தான், பிளக்கும் பொருந்தியது. சொருகுவதற்கு முன் மீட்டரில் பார்த்தேன், நடுவில் பாசிட்டிவ். இந்தப் பெடலுக்கு நடுவில் நெகட்டிவ் வேண்டும்.

திருவண்ணாமலை டோன்

அருமை. என்னிடமும் நனைந்தது ஒன்று இருக்கிறது, ஆனால் பெடல் இல்லை, 40 வாட் கிட்டார் ஆம்ப். அதையும் இப்படி டிஸ்டில்டு வாட்டரில் கழுவலாமா?

குடியாத்தம் ரேடியோ

அது வேறு விஷயம், அவசரப்படாதீர்கள். பெடல் 9 வோல்ட், ஆம்ப் 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். வால்வு ஆம்ப் என்றால் அது ஆளைக் கொல்லும் அளவு. ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

போர்டைத் தனியாகக் கழற்றிக் கழுவலாம். டிரான்ஸ்ஃபார்மரையும் ஸ்பீக்கரையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் ஈரம் இருக்கும், நன்றாகக் காயவைத்து, வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே மெக்கரில் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) இன்சுலேஷன் பார்க்க வேண்டும். மோட்டார் வைண்டிங் கடையில் மெக்கர் இருக்கும். அது சரியாக வந்தால், முதல் தடவை 60 வாட் குண்டு பல்பு சீரீஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இதற்கு முன்னால் ஆம்ப் வேலை செய்து பழக்கம் இல்லையென்றால் தனி இழை போடுங்கள், மாடலும் உள் போட்டோவும் சேர்த்து. பார்த்துச் சொல்கிறேன்.